பழைய ஃபிளாப்பியில் எத்தனை பக்கம் தமிழ் இருக்கும்? யுஎஸ்பி டிரைவ் ஒன்றின் மதிப்புரை

புதுச்சேரியிலோ கடலூரிலோ 1990-களில் டிடிபி வேலை நடந்த கடையின் பரணைத் துழாவினால், ரப்பர் பேண்ட் போட்ட ஃபிளாப்பிக் கட்டு ஒன்று இன்றும் அகப்படலாம். கும்பாபிஷேக மலர், கல்லூரி ஆண்டு மலர், நின்றுபோன சிறுபத்திரிகையின் இதழ்கள், பத்திர எழுத்தரின் நகல்கள் என, காகிதத்தில் எங்கும் மிஞ்சாத எழுத்து அதற்குள் இருக்கும். அதை வெளியே எடுக்க இப்போதுள்ள எளிய வழி யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ். பெயர் பொறிக்காத கறுப்புப் பெட்டி, உள்ளே லேப்டாப்புக்கென்று செய்த மெல்லிய டிரைவ், பின்னால் ஒரு கேபிள், அவ்வளவுதான். மதிப்புரை அந்தப் பெட்டியைப் பற்றியது. ஆனால் வாங்கலாமா, வேலையை ஒப்புக்கொள்ளலாமா என்று முடிவெடுக்கும் முன், டிஸ்கில் எவ்வளவு எழுத்து இருக்கிறது என்று கணக்குப் போடத் தெரிய வேண்டும். இன்றைய பழக்கத்தில் கணக்குப் போட்டால் மூன்று மடங்குக்கு மேல் தவறும்.

முதலில் அந்த ‘1.44’. 3.5 அங்குல எச்டி (உயர் அடர்த்தி) டிஸ்கில் பக்கத்துக்கு 80 ட்ராக் எனும் வட்டப் பாதை, இரண்டு பக்கம், ட்ராக்குக்கு 18 செக்டர் எனும் துண்டு, செக்டருக்கு 512 பைட். பெருக்கினால் 14,74,560 பைட். இதை 1,024-ஆல் வகுத்தால் 1,440 கிலோபைட். அதை மறுபடி 1,000-ஆல் வகுத்து 1.44 மெகாபைட் என்று அட்டையில் அச்சிட்டார்கள். ஒருமுறை 1,024, ஒருமுறை 1,000 என்று கலந்து வகுத்த எண் அது. அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், பைட்டிலேயே போடுங்கள்.

இந்த 2,880 செக்டரும் எழுத்துக்குக் கிடைக்காது. டாஸ் முறையில் பார்மட் செய்த டிஸ்கில் முதல் செக்டர் பூட் செக்டர். அடுத்த 18 செக்டர், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஃபேட் அட்டவணையின் இரண்டு நகல்கள். அதற்கடுத்த 14 செக்டர் கோப்புப் பெயர்களுக்கான ரூட் டைரக்டரி. மொத்தம் 33 போக மிஞ்சுவது 2,847 செக்டர், அதாவது 14,57,664 பைட். இதே கணக்கில் 3.5 அங்குலத்திலேயே அடர்த்தி குறைந்த 720 கே (கிலோபைட்) டிஸ்கில் 7,30,112 பைட் மிஞ்சும். 5.25 அங்குலப் பெரிய டிஸ்குகளில் 360 கே என்றால் 3,62,496, 1.2 மெகாபைட் என்றால் 12,13,952. இந்த நான்கு எண்களையும் ஒரு சீட்டில் எழுதி டிரைவ் மேலேயே ஒட்டி வைக்கலாம்.

இனி தமிழ். யூனிகோடில் ஓர் எழுத்தும் ஒரு குறியீடும் ஒன்றல்ல. ‘கடலூர்’ என்பது நமக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் க, ட, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி என்று ஆறு குறியீடு. இன்று எல்லோரும் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட், ஆக 18 பைட். பழைய திஸ்கி முறையிலோ லூ, ர் போன்றவற்றுக்குத் தனித்தனி இடம் ஒதுக்கப்பட்டிருந்தது, அப்படிப்பட்ட எழுத்துக்கு ஒரே பைட். அதில் ‘கடலூர்’ வெறும் 4 பைட். ‘புதுச்சேரி’ யூடிஎஃப்-8-இல் 30 பைட். திஸ்கியில் பு, து, ச், ஏகாரக் கொம்பு, ச, ர, இகரக் கொக்கி என்று 7 பைட். பாமினி எழுத்துருவில் மெய்யெழுத்துக்குப் புள்ளி தனி என்பதால் கொஞ்சம் கூடும். அங்கே ‘தமிழ்’ 5 பைட், திஸ்கியில் 4, யூடிஎஃப்-8-இல் 15.

நம்மூர் ஃபிளாப்பிகளில் இருப்பது பெரும்பாலும் இந்த ஒரு பைட் முறைகளில் அடித்த எழுத்துதான். கடைக்குக் கடை எழுத்துரு வேறாக இருந்த காலம் அது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற இரண்டு தரக் குறியேற்றங்கள் வந்தன. அவையும் ஒரு பைட் முறைதான். அதனால் ‘1.44-இல் தமிழ் எவ்வளவு பிடிக்கும்’ என்று இன்றைய கோப்பு ஒன்றை வைத்து அளந்தால் விடை பொருந்தாது.

குறளை வைத்து அளந்தால் உடனே விளங்கும். ‘அகர முதல எழுத்தெல்லாம் ஆதி, பகவன் முதற்றே உலகு’ என்ற முதல் குறளை இரண்டு வரியாக அடித்து, கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி வைத்து, வரி முடிவுக்கு விண்டோஸ் வழக்கப்படி இரண்டிரண்டு பைட் சேர்த்தால் யூடிஎஃப்-8-இல் 127 பைட். பழைய நோட்பேடில் ‘யூனிகோட்’ என்று மட்டும் இருந்த யூடிஎஃப்-16-இல் 98. திஸ்கியில் 40. எல்லாக் குறளும் முதல் குறளின் அளவே என்று வைத்துக்கொண்டால், 1,330 குறளுக்கு யூடிஎஃப்-8-இல் 1,68,910 பைட். ஒரு டிஸ்கில் திருக்குறள் முழுவதும் எட்டு முறை போகும். திஸ்கியில் 53,200 பைட்தான், இருபத்தேழு முறை போகும்.

உரைநடையில் சொற்கள் குறளைவிட நீளம். சொல்லுக்கு எட்டுக் குறியீடு என்று வைத்துக்கொள்வது நடைமுறைக்குப் போதும். ‘புதுச்சேரி கடற்கரையில் மாலை நேரத்தில் கூட்டம் அதிகம்’ என்பதில் ஆறு சொல், 47 குறியீடு. இடைவெளியையும் சேர்த்தால் யூடிஎஃப்-8-இல் சொல்லுக்கு 25 பைட், ஒரு பைட் முறையில் 7 பைட். ஒரு பக்கத்துக்கு 300 சொல் என்று கொண்டால் முறையே 7,500 பைட், 2,100 பைட். எச்டி டிஸ்க் ஒன்றில் யூடிஎஃப்-8-இல் 194 பக்கம், பழைய எழுத்துருவில் 694 பக்கம். 720 கே டிஸ்கில் 97-உம் 347-உம். 360 கே டிஸ்கில் 48-உம் 172-உம். 1.2 மெகாபைட் டிஸ்கில் 161-உம் 578-உம்.

மெய்ப்புப் பார்க்கிறவர்களுக்கு இந்த வேறுபாடு பெரியது. நிரம்பிய பத்து டிஸ்கை வாங்கி ‘இரண்டாயிரம் பக்கம் இருக்கும்’ என்று கூலி பேசிவிட்டால், உள்ளே வெறும் எழுத்தாக அடித்தது ஏழாயிரம் பக்கம் இருக்க வாய்ப்பு உண்டு. யூனிகோடுக்கு மாற்றினால் அவற்றில் ஒரே ஒரு டிஸ்கின் எழுத்தே ஏறத்தாழ 50 லட்சம் பைட்டாக வீங்கும். ஃபிளாப்பிக்குத் திரும்பப் போகாது, அது பரவாயில்லை. உழைப்புக் கணக்குத்தான் தவறக் கூடாது.

எல்லா டிஸ்கும் வெறும் எழுத்தாக இருக்காது. வேர்ட் 97-இன் காலிக் கோப்பே 20 கிலோபைட்டை ஒட்டி இருக்கும். ஒரு பக்கக் கடிதத்துக்கு 2,100 பைட் எழுத்தும் அதைப்போல் பத்து மடங்கு வெற்றுச் சுமையும் சேரும். பேஜ்மேக்கர் கோப்பில் ‘சேவ்’ மட்டும் கொடுத்துக்கொண்டே போனால் கோப்பு ஊதும், ‘சேவ் ஆஸ்’ கொடுத்தால் சுருங்கும். அதனால் கோப்பின் பெரிய அளவைப் பார்த்து எழுத்து நிறைய என்று நினைக்க வேண்டாம். வெறும் எழுத்துக் கோப்பு என்றால் அளவை 7-ஆல் வகுங்கள், சொல் எண்ணிக்கை வந்துவிடும். 57,344 பைட் கோப்பில் 8,192 சொல், சுமார் 27 பக்கம்.

சின்னக் கோப்புகள் நிறைய இருந்தால் கணக்கு இன்னொரு விதமாகத் திரும்பும். எச்டி டிஸ்கில் எவ்வளவு சிறிய கோப்பும் குறைந்தது 512 பைட் பிடிக்கும், 720 கே-யிலும் 360 கே-யிலும் 1,024. ஆயிரத்து முந்நூற்று முப்பது குறளையும் தனித்தனிக் கோப்பாகப் போட்டால், ஒரு துணை டைரக்டரிக்குள் எச்டி டிஸ்கில் அடங்கிவிடும். 720 கே டிஸ்கில் இருப்பதே 1,024 பைட் கொண்ட 713 அலகு, பாதி வழியில் நின்றுவிடும். ரூட் டைரக்டரியிலேயே போட்டால் எச்டி டிஸ்கிலும் 224 பெயர்ப் பதிவோடு நின்றுவிடும், மெகாபைட் கணக்கில் இடம் காலியாகக் கிடந்தாலும். விண்டோஸ் 95-இலிருந்து வந்த நீளப் பெயர்கள் இந்த 224-ஐயும் தின்னும்: பெயரில் பதின்மூன்று எழுத்துக்கு ஒரு பதிவு கூடுதல். பழைய டிஸ்கில் பாதி இடம் காலியாக இருந்தும் அடுத்த டிஸ்குக்கு ஏன் தாவினார்கள் என்ற கேள்விக்குப் பல சமயம் இதுதான் பதில்.

சரி, பெட்டிக்கு வருவோம்.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தனி டிரைவர் மென்பொருள் வேண்டாம், சொருகினால் ஏ டிரைவ் என்று வந்து நிற்கும். லினக்ஸிலும் தனி டிரைவர் வேண்டாம். மின்சாரம் யுஎஸ்பி கேபிள் வழியே போகிறது. தனி மின்சாரம் இல்லாத யுஎஸ்பி ஹப்பில் மற்ற கருவிகளோடு சொருகினால் மோட்டார் தடுமாறி, நல்ல டிஸ்கையும் கெட்டது என்று காட்டும். நேராகக் கம்ப்யூட்டரின் பின்பக்கப் போர்ட்டில் சொருகுங்கள். நிமிடத்துக்கு 300 சுற்று, சுற்றுக்கு ஒரு ட்ராக், இரண்டு பக்கமும் 160 ட்ராக் என்றால், தவறே இல்லாமல் படித்தாலும் 32 விநாடி. டிஸ்கைப் படிக்கும் தலை நகரும் நேரமும் சேர்ந்து ஒரு நிமிடத்தைத் தாண்டும். டிஸ்கைத் துடைத்து, எண் போட்டு, சரிபார்க்கிற நேரத்தையும் சேர்த்து ஒன்றுக்கு மூன்று நிமிடம் வைத்தால் நூறு டிஸ்குக்கு ஐந்து மணி நேரம். நூறு டிஸ்கின் மொத்த அளவு 14.75 கோடி பைட்தான், மிகச் சிறிய பென் டிரைவில்கூட ஒரு மூலைக்குக் காணாது. ஆகவே லேபிளைப் பார்த்து இது வேண்டும், இது வேண்டாம் என்று பிரிக்காதீர்கள். எல்லாவற்றையும் படியுங்கள்.

எது ஓடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 5.25 அங்குல டிஸ்க் இதில் நுழையவே நுழையாது. அதற்குப் பழைய 5.25 டிரைவும், அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்க கிரீஸ்வீசல் போன்ற காந்தத் துடிப்பையே படிக்கும் பலகையும் வேண்டும். மேக்கின் 800 கே, அமிகாவின் 880 கே டிஸ்குகள் 3.5 அங்குலம்தான், ஆனால் யுஎஸ்பி டிரைவ் அவற்றைப் படிக்காது. அச்சகங்களில் மேக் ஓடிய இடங்கள் உண்டு என்பதால் இதைக் கவனிக்கவும். விண்டோஸ் ‘பார்மட் செய்யவா’ என்று கேட்பதால் மட்டும் அந்த டிஸ்க் காலி என்றோ கெட்டது என்றோ ஆகாது. அந்தக் கேள்விக்கு எப்போதும் ‘வேண்டாம்’ என்றே சொல்லுங்கள்.

720 கே டிஸ்க் ஓடும், ஒரு சிக்கலோடு. டிஸ்கின் ஒரு மூலையில் எழுதுவதைத் தடுக்கும் துளை, அதில் நகரும் தகடு இருக்கும். எச்டி என்றால் எதிர் மூலையில் இன்னொரு துளை. டிரைவ் அந்த இரண்டாவது துளையைப் பார்த்துத்தான் அடர்த்தியை முடிவு செய்கிறது. துளையைப் பார்க்காத பழைய டிரைவில் எச்டி டிஸ்கை 720 கே-யாகப் பார்மட் செய்திருந்தால், இந்தப் பெட்டி அதை எச்டி என்று நினைத்துத் தடுமாறும். கெட்டியான டேப்பால் அந்தத் துளையை இருபுறமும் மூடினால் படிக்கும். மெல்லிய செலோடேப் போதாது, உள்ளே இருக்கும் சிறு சுவிட்ச் அதைக் குத்திக்கொண்டு இறங்கிவிடும்.

சொருகும் முன் எழுதுவதைத் தடுக்கும் துளையைத் திறந்துவிடுங்கள். 3.5 அங்குலத்தில் துளை திறந்திருந்தால்தான் பாதுகாப்பு. இல்லாவிட்டால் விண்டோஸ் டிஸ்கைத் தொட்டவுடன் தேதிகளை மாற்றி எழுதக்கூடும். கோப்பை டிஸ்கிலிருந்தபடியே வேர்டில் திறக்கவும் கூடாது. வேர்ட் தன் தற்காலிகக் கோப்பை அதே டிஸ்கில் எழுதப் பார்க்கும், இடமில்லாமல் முறியும். அந்தக் காலத்தில் டிஸ்குகள் கெட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கள் கரையோரத்தில் இந்தப் பெட்டிக்கு உண்மையான எதிரி பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை ஈரமும் உப்புக்காற்றும் டிஸ்கைச் சும்மா விடாது. உலோக ஷட்டரை விரலால் ஒதுக்கிப் பிடித்து, பின்பக்க உலோக வட்டத்தை மெதுவாகச் சுழற்றி, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பழுப்பு, கறுப்புப் பரப்பில் வெள்ளைப் புள்ளியோ மங்கிய வளையமோ தெரிந்தால் அதைச் சொருகக் கூடாது. தலை அந்தப் பொடியைச் சுரண்டி எடுத்துத் தன்மேல் அப்பிக்கொள்ளும், அதன்பின் போடுகிற நல்ல டிஸ்கையும் கீறும். மெல்லிய டிரைவில் தலையை எட்டித் துடைப்பது கடினம், இந்தப் பெட்டியின் பெரிய குறை அதுதான். பஞ்சு உதிராத குச்சியில் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு, அழுத்தாமல், வட்டப் போக்கில் இரண்டு பக்கமும் துடைத்து, நிழலில் முழுக்க உலர்த்திய பிறகே சொருகுங்கள். வெயிலும் ஹேர் டிரையரும் தகட்டை வளைத்துவிடும்.

2011 தானே புயலும் 2015 வெள்ளமும் கண்ட ஊர் கடலூர். சேற்றில் ஊறிய டிஸ்க் என்றால் உறையைப் பிரித்து, உள்ளே இருக்கும் வட்டத் தகட்டை மட்டும் எடுத்து, காய்ச்சி வடித்த நீரில் அலசி, உலர்த்தி, வேறொரு நல்ல டிஸ்கின் உறைக்குள் வைத்துப் படிக்கலாம். உறைக்குள் இருக்கும் துணிப் பட்டை சேற்றைக் குடித்திருக்கும் என்பதால் பழைய உறையை மறுபடி பயன்படுத்த வேண்டாம்.

ஷட்டர் துருப்பிடித்தோ வளைந்தோ இருந்தால் சொருகுமுன்னரே கழற்றி எறிந்துவிடுங்கள், அது இல்லாமலும் டிஸ்க் நன்றாகவே படிக்கும். அதோடு சொருகினால் வெளியே வரும்போது தலையில் மாட்டி டிரைவையே முடித்துவிடும். ஓரம் பெயர்ந்த லேபிளும் அப்படித்தான். போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு உரித்துவிட்டு, உறைமேல் மார்க்கரால் எண் போடுங்கள். கட்டாயம் படிக்கும் என்று தெரிந்த நல்ல டிஸ்க் ஒன்றைப் பக்கத்திலேயே வைத்திருங்கள். இரண்டு டிஸ்க் தொடர்ந்து முரண்டு பிடித்தால் அந்தச் சாட்சி டிஸ்கைப் போட்டுப் பாருங்கள். அதுவும் படிக்காவிட்டால் கோளாறு டிரைவில்.

கோப்புகளை இழுத்துப் போட்டு நகலெடுப்பதைவிட, டிஸ்க் முழுவதையும் ஒரே இமேஜ் கோப்பாக எடுப்பதே சரி. விண்டோஸில் வின்இமேஜ், லினக்ஸில் டிடிரெஸ்க்யூ போதும். எடுத்த இமேஜின் அளவு சரியாக 14,74,560 பைட் இருக்க வேண்டும், 720 கே என்றால் 7,37,280. குறைந்தால் பாதியில் நின்றிருக்கிறது. ‘டக் டக்’ என்று ஒரே தாளத்தில் சத்தம் வந்தால் தலை முதல் ட்ராக்குக்குத் திரும்பித் திரும்பிப் போய் முயற்சி செய்கிறது, விட்டுப் பிடிக்கலாம். சரசரவென்று உரசும் சத்தம் வந்தால் உடனே வெளியே எடுங்கள்.

ஒரு செக்டர் போனால் என்ன இழப்பு? பழைய எழுத்துருவில் 512 பைட் என்றால் ஏறத்தாழ 73 சொல், கால் பக்கம். யூடிஎஃப்-8 என்றால் 20 சொல். ஜிப் செய்த கோப்பில் அடிபட்டால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாமே போகலாம். ஃபேட் அட்டவணை அடிபட்டால் இரண்டாவது நகல் காப்பாற்றும். ரூட் டைரக்டரி போனாலும் அழ வேண்டாம், இமேஜைப் பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால் முதல் 33 செக்டர் தாண்டி எழுத்து அப்படியே கிடக்கும். ஒரு டிரைவில் படிக்காதது இன்னொன்றில் படிப்பதும் சகஜம். எழுதிய டிரைவின் தலை கொஞ்சம் விலகியிருந்தால் அதே அளவு விலகிய டிரைவுக்குத்தான் அது பிடிபடும். நூறு டிஸ்குக்கு மேல் இருந்தால் ஒரே மாதிரிப் பெட்டி இரண்டை வாங்காமல் வேறு வேறு வகையில் இரண்டு வாங்குங்கள். பத்து டிஸ்க்தான் என்றால் வாங்கவே வேண்டாம், வைத்திருப்பவரிடம் ஒரு மாலை இரவல் கேளுங்கள்.

எடுத்த எழுத்து ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிவது கோளாறல்ல. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வரிசையாக வந்தால் அது பாமினியில் ‘தமிழ்’. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள் யூனிகோடாக்கித் தரும். எந்த எழுத்துரு என்று தெரியாவிட்டால் ஒரு பத்தியை மட்டும் எடுத்து ஒவ்வொரு முறையாகப் போட்டுப் பாருங்கள். ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ மூன்றும் சரியாக வருகிறதா என்பதே நல்ல சோதனை, கொம்பு இடம் மாறி நிற்பது அங்கேதான் முதலில் தெரியும். புதுச்சேரி டிஸ்குகளில் பிரெஞ்சும் கலந்திருக்கும். டாஸ் காலத்துக் கோப்பை விண்டோஸில் திறந்தால், மேலே சாய்கோடு போட்ட ‘é’ எழுத்து காற்புள்ளி போன்ற ஒரு குறியாகத் தெரியும். அந்தக் கோப்பைத் தமிழ் மாற்றியில் போடாதீர்கள். குறியேற்றத்தை டாஸின் 850 என்று சொல்லித் திறந்தால் தானே சரியாகும்.